முதல் ஊசி போட்ட நேரம்

ஜனவரி 18, வெள்ளி

முருகா துணை.

புதுப் பொரிப்பகத்தில் முதல் பேட்ச் இன்றைக்கு இறங்கியது. பிரித்தெடுத்த பெட்டைக்குஞ்சு 5,840. சேவல்குஞ்சைக் கணக்கில் சேர்க்கவில்லை. வந்த ஆட்களுக்கும் சேர்த்து இட்லி 60, பால் 3 லிட்டர். சரவணபவ 108 முறை எழுதி முடித்துவிட்டுத்தான் வீட்டைவிட்டு இறங்கினேன்.

பூஜைத் தட்டோடு பொரிப்பகத்துக்குப் போனபோது மணி 10.25. வீட்டுக்காரர் தீவன மில்லுக்குப் போயிருந்தார். கொழுந்தனார் பூபதி ஈரோட்டுக்கு. ஊசி போடும் பொம்பளையாட்கள் நாலு பேரும் தயாராக உட்கார்ந்திருந்தார்கள். என் ஓரகத்தி சிந்துஜா, பூபதியின் பெண்டாட்டி, மைக்ரோபயாலஜி படித்த மகராசி, மேரக்ஸ் தடுப்பு மருந்தை அதற்குள் கலக்கிவிட்டாள். நைட்ரஜன் கேனிலிருந்து மூன்று குப்பிகளை எடுத்து, வெதுவெதுப்பான தண்ணீரில் உருக்கி, கலக்கியது 10.10 என்று அவளே சொன்னாள்.

வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை ராகு காலம். முதல் பேட்ச், முதல் ஊசி. பன்னிரண்டு அடித்த பிறகு போடலாம் என்றேன்.

"அக்கா, கலக்குனது ஒரு மணி நேரந்தான் உசுரோட இருக்கும். இப்பவே போட்டாகோணும். இல்லாட்டி இதைக் கொட்டிட்டு அப்பறமாப் புதுசு உருக்கிக்கலாம்."

கொட்டுவதாம். முதல் நாளே, மூன்று குப்பி மருந்தை.

"கொட்டறதெல்லாம் உங்கப்பன் ஊட்டுல வெச்சுக்க அம்மிணி" என்றேன். ஐஸ் பெட்டியில் வைத்து மூடச் சொன்னேன். ஒன்றரை மணி நேரத்தில் என்ன குடிமுழுகிப் போகிறது. பால்கூடக் கெடாது. ஊசிக்காரிகளுக்குத் தலைவியான மாரக்காள் முந்தானையில் வாயைப் பொத்திச் சிரித்தாள். யாரைப் பார்த்துச் சிரித்தாளோ.

கற்பூரம் காட்டி, முதல் குஞ்சை என் கையால் எடுத்துக் கொடுத்தேன். முதல் ஊசி 12.05. கடைசி ஊசி 1.10. நல்லபடியாக முடிந்தது. காத்திருந்த நேரம் முழுக்க சிந்துஜா கையைக் கட்டிக்கொண்டு கடிகாரத்தையே பார்த்து நின்றாள். மூத்தவள் சொன்னதைக் கேட்பதற்கு இவளுக்கு இவ்வளவு கஷ்டம்.

ஜனவரி 19, சனி

இறப்பு 11. மீதி 5,829. பெட்டியில் நசுங்கியவை. வழக்கமானதுதான்.

பிப்ரவரி 15, வெள்ளி

மீதி 5,751. தீவனம் சரியாக இறங்குகிறது. குஞ்சுகள் துறுதுறுவென்று இருக்கின்றன. எல்லாம் செல்லாண்டியம்மன் புண்ணியம்.

மருந்து அறைக் கதவில் சிந்துஜா ஒரு தாள் ஒட்டியிருக்கிறாள். குப்பி எண், கலக்கிய நேரம், முதல் ஊசி, கடைசி ஊசி என்று கட்டம் போட்டு. ஜனவரி 18 என்று தேதியும் போட்டு நிரப்பியிருந்தாள். கிழித்து அடுப்பில் போட்டேன். ஒரு வீட்டில் இரண்டு கணக்கு இருந்தால் அந்த வீடு உருப்படாது. இந்தப் பண்ணையில் கணக்கு என்றால் அது என் நோட்டுதான். முட்டை வியாபாரியிலிருந்து டாக்டர் வரைக்கும் எல்லோருக்கும் தெரியும். எட்டாவதோடு நின்றவள் நான். கோழி வளர்ப்பு மாத இதழ் படித்தும், மருந்து டப்பாவில் வரும் துண்டுத்தாளை எழுத்துக்கூட்டியும் கற்றுக்கொண்டேன். பதினான்கு வருஷம் பழைய பொரிப்பகத்தின் சாவி என் இடுப்பில் இருந்தது. முட்டையைக் கன்னத்தில் வைத்தே சூடு சொல்வேன். இப்போது சாவி அவள் கைப்பையில். நான் உள்ளே போகவேண்டுமானால் செருப்பை மாற்று, காலை மருந்துத் தண்ணீரில் நனை என்கிறாள்.

தாளைக் கிழித்தது யார் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

மார்ச் 26, செவ்வாய்

மீதி 5,702. இரண்டாவது ஷெட்டில் மூன்று கோழிகள் எழுந்திருக்கவில்லை. ஒரு கால் முன்னே, ஒரு கால் பின்னே நீட்டிக் கிடக்கின்றன. தூக்கி நிறுத்தினால் சாய்கின்றன. சுண்ணாம்புச் சத்துக் குறைவாக இருக்கும். கிளிஞ்சல் தூள் அதிகம் போடச் சொன்னேன்.

மதியம் வடிகட்டியில் ஓட்டை. புதிது வாங்க வேண்டும்.

மார்ச் 29, வெள்ளி

இறப்பு 14. மீதி 5,671.

தீனி இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது, ஆனால் கோழி இளைக்கிறது. நெஞ்செலும்பு கத்திபோலக் கையில் படுகிறது. ஒன்றின் கண்ணைப் பார்த்தேன். கருமணி சாம்பல் பூத்துக் கிடந்தது. கண் இருக்கிறது, பார்வை இல்லை.

ஷெட் வாசலில் பூசணி உடைத்தேன். எலுமிச்சை நான்கு திசைக்கும். எனக்கு ஒரு சந்தேகம். சிந்துஜா வீட்டுக்குத் தூரமான நாளிலும் ஷெட்டுக்குள் போய் வருகிறாள். அதெல்லாம் இல்லை என்று பேசுகிற தலைமுறை. போன வெள்ளிக்கிழமை அவள் இரண்டாவது ஷெட்டில் நின்றதை என் கண்ணால் பார்த்தேன். தேதியைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன், பொருந்துகிறது. இவரிடம் சொன்னேன். இவர் காதில் வாங்கியமாதிரி தெரியவில்லை, ஆனால் மாலையில் அவளைப் பார்த்தபோது முகம் கொடுக்கவில்லை.

ஏப்ரல் 1, திங்கள்

இறப்பு 31. மீதி 5,598.

டாக்டர் மோகனசுந்தரம் வந்தார். செத்ததில் ஐந்தை வேப்பமரத்தடியில் வைத்து அறுத்துக் காட்டினார். ஈரல் வழக்கத்தைவிட மூன்று மடங்கு. வெள்ளை வெள்ளையாகக் கட்டி, பழைய பச்சரிசி மாவைப் பிடித்து வைத்ததுபோல. தொடைக்குள் நரம்பை எடுத்துக் காட்டினார். ஒரு பக்கம் நூல், மறுபக்கம் கயிறு.

"மேரக்ஸ் மாதிரி இருக்குதுங்க. ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பிப் பார்த்துக்கலாம்" என்றார்.

தடுப்பூசி போட்ட கோழிக்கு மேரக்ஸ் எப்படி வரும் என்று இவர் கேட்டார். அந்த வைரஸ் எல்லாப் பண்ணையின் தூசியிலும் இருக்கிறதாம். இறகிலிருந்து உதிர்கிற பொடியில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்குமாம். தடுப்பூசி அதை உள்ளே வராமல் தடுக்காது; வந்தாலும் கட்டி ஆகாமல் மட்டும் பார்த்துக்கொள்ளும். அதனால் கட்டி வந்திருக்கிறது என்றால் ஊசி பிடிக்கவில்லை என்று அர்த்தம்.

"கிருமின்னா அழுகணும், சீழ் வைக்கணும். இது எப்படீங்க கட்டி கட்டுது?" என்று நான்தான் கேட்டேன்.

டாக்டருக்கு அறுத்துக்கொண்டே பேசுவது பிடிக்கும். ஒவ்வொரு செல்லுக்குள்ளும் முழு உடம்பையும் நடத்துகிற புத்தகம் ஒன்று இருக்கிறது என்றார். செல் அந்தப் புத்தகத்தை வெளியே எடுக்காது. அன்றைக்கு வேண்டிய பக்கத்தை மட்டும் துண்டுச்சீட்டில் படியெடுத்து அனுப்பும். சீட்டில் என்ன இருக்கிறதோ அந்த வேலை நடக்கும். "இந்த வைரஸ் புத்தகத்தைக் கிழிக்கறதில்லீங். படியெடுக்கற எடத்துல போய் உட்கார்ந்துக்குது. பெருகுங்கற பக்கத்தையே திரும்பத் திரும்பப் படியெடுக்க வெக்கிது. போதும், செத்துப்போன்னு இருக்கற பக்கத்தை மூடிப் போட்டுருது. அந்தச் செல்லுக்குச் சாகத் தெரியாம போயிருதுங். அதுதான் கட்டி."

கையைக் கழுவிக்கொண்டே கேட்டார், மருந்து கலக்கிய நேரமும் ஊசி போட்டு முடித்த நேரமும் எழுதி வைத்திருக்கிறோமா என்று. மேரக்ஸ் மருந்து உயிருள்ள செல்லாம். ஒரு மணி நேரத்துக்குமேல் வைத்தால் வெறும் தண்ணீராம்.

இவர், "எங்கூட்டுல எழுதாம எதுவும் நடக்காதுங்க டாக்டர்" என்றார்.

டாக்டருக்கு மோர் கொடுத்தேன். இரண்டு டம்ளர். உப்புப் போட மறந்துவிட்டேன்.

ஏப்ரல் 2, செவ்வாய்

இறப்பு 38. மீதி 5,560. சரவணபவ 216 எழுதினேன்.

ஏப்ரல் 5, வெள்ளி

இறப்பு 44. மீதி 5,435. குழிக்குச் சுண்ணாம்பு 2 மூட்டை.

மதியம் சிந்துஜா பொரிப்பகத்தில் இருக்கும்போது அவள் அறைக்குப் போனேன். துணி மடித்து வைக்கத்தான். மேஜையில் அவளுடைய தடிப்புத்தகம் கிடந்தது. அகராதியை எடுத்துவந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு வரிக்கு ஐந்து சொல் தேட வேண்டியிருந்தது. ஆனாலும் விட்டுவிட என்னால் முடியாது.

வைரஸ் உள்ளே போனதும் ரத்தத்தில் காவல் நிற்கிற செல்லைத்தான் பிடிக்கிறது. வீட்டுக் காவல்காரனையே. அப்புறம் சத்தம் காட்டாமல் கிடக்கிறது. அதனிடமிருந்து ஒரு புரதம் உண்டாகிறது, பெயர் மெக். அது தனியாக ஒன்றும் செய்வதில்லை. அந்தச் செல்லிலேயே பிறந்து வளர்ந்த ஆள் ஒருவன் இருக்கிறான், ஜுன் என்று பெயர், படியெடுப்பதை ஏவுகிறவன். அவன் கையைக் கோத்துக்கொண்டு போய்ப் புத்தகத்தில் குறிப்பிட்ட இடங்களில் இரண்டுமாக உட்கார்ந்துகொள்கின்றன. அதன் பிறகு எதைப் படியெடுப்பது, எதை விடுவது எல்லாம் அவர்கள் இஷ்டம்.

படித்ததும் எனக்குப் பளிச்சென்று பட்டது. வெளியிலிருந்து வந்தவள், வீட்டு ஆண்பிள்ளையைக் கையில் போட்டுக்கொண்டு, பதினான்கு வருஷம் நடந்த நடைமுறையை மாற்றுகிறாள். இதற்குப் புத்தகம் வேறு வேண்டுமா.

தலை நிமிர்ந்தால் வாசற்படியில் நிற்கிறாள்.

"படம் போட்டது அடுத்த பக்கத்துல இருக்குதுங்க்கா" என்றாள்.

திருட்டுப்பட்டம் கட்டுவாள் என்று பார்த்தேன். கட்டவில்லை. அதைவிட மோசம், பாடம் நடத்தினாள். நோய்க் கோழியின் செல்லையும் நல்ல கோழியின் செல்லையும் பக்கத்தில் வைத்தால், வைரஸ் ஒட்டிய துண்டைத் தவிர, புத்தகம் இரண்டிலும் ஒன்றேதானாம். "படியெடுத்த சீட்டைப் பார்த்தாத்தான் தெரியும்க்கா. எதை எடுத்தாங்க, எதை உட்டாங்கன்னு. புத்தகத்தை மறைச்சாலும் சீட்டு காட்டிக் குடுத்துரும். சீட்டை மாத்துனா புத்தகம் காட்டிக் குடுத்துரும்."

சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தாள். துணியை எடுத்து வைத்துவிட்டேன் என்று சொல்லிக் கிளம்பினேன். அகராதியை அங்கேயே விட்டுவிட்டேன்.

ஏப்ரல் 9, செவ்வாய்

இறப்பு 52. மீதி 5,238.

ஆய்வுக்கூடத்திலிருந்து தாள் வந்தது. மேரக்ஸ்தான். குப்பி வந்த கம்பெனியிலும் விசாரித்தாயிற்று. அதே எண் போட்ட மருந்து போன மற்ற பண்ணைகளில் ஒரு குறையும் இல்லை.

இவர் கூடத்தில் நின்று கத்தினார். படித்தவள் படித்தவள் என்று தலையில் தூக்கி வைத்ததற்கு இதுதான் பலனா என்று. பூபதி, யாரைப் பார்த்துப் பேசுகிறீர்கள் அண்ணா என்றான். இவர், ஊசி அறைக்கு யார் பொறுப்போ அவளைப் பார்த்துத்தான் என்றார். நைட்ரஜன் கேனை ஒழுங்காக நிரப்பவில்லை, மருந்தை ஒழுங்காக உருக்கவில்லை, ஏதோ ஒன்று. பொரிப்பகச் சாவியைக் கேட்டு வாங்கி மேஜையில் வைத்தார். இனி அவள் அந்தப் பக்கமே போகக்கூடாது, போனால் பாகம் பிரித்துக்கொண்டு போய்விடுங்கள் என்றார்.

சிந்துஜா அழவில்லை. "மருந்துல தப்பு நடந்துச்சுங்க மாமா. என்ன தப்புன்னு நான் சொன்னா நம்ப மாட்டீங்க. அக்கா நோட்டுல இருக்கும். அதைப் பாருங்க. அக்கா நோட்டுல பொய் இருக்காது."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பேட்ச் ஷெட் மாறும்போதுதான் நோட்டில் இருப்பதைப் பண்ணையின் பெரிய ரிஜிஸ்டரில் ஏற்றுவேன், நாளைக்கு ஏற்றிக் கொடுக்கிறேன் என்றேன். அதுதானே வழக்கம்.

அடுப்பில் குழம்பு அடிப்பிடித்துவிட்டது. யாரும் சாப்பிடவில்லை.

ஏப்ரல் 10, புதன்

இறப்பு 55. நடக்க முடிந்தவற்றைக் கூண்டு ஷெட்டுக்கு மாற்றினோம்.

ஜனவரியிலிருந்து எல்லாவற்றையும் பெரிய ரிஜிஸ்டரில் ஏற்றினேன். காலை பத்து மணிக்கு உட்கார்ந்து இரண்டு மணிக்கு முடித்தேன். எடை, தீவனம், இறப்பு எல்லாம் சரி. ஜனவரி 18: மருந்து கலக்கியது 10.10, முதல் ஊசி 10.20. இந்த நோட்டில் அந்த இடத்தில் மை கொஞ்சம் கலங்கியிருந்தது.

மாரக்காள் வந்தாள். அவளுக்கு ஒரு சேலை கொடுத்தேன். சித்திரை பிறக்கிறதே, கொடுப்பதுதான்.

ஏப்ரல் 12, வெள்ளி

இறப்பு 58. மீதி 5,070.

இவர் ரிஜிஸ்டரைப் படித்தார். பூபதியிடமும் நீட்டினார். பத்து நிமிஷத்தில் ஊசி போட்டாயிற்று, அப்படியானால் மருந்தைத்தான் அவள் கெடுத்திருக்கிறாள் என்றார். மாரக்காளையும் கூப்பிட்டுக் கேட்டார்கள். "எனக்கு மணி பார்க்கவெல்லாந் தெரியாதுங் சாமி. எப்பப் போடச் சொன்னாங்களோ அப்பப் போட்டனுங்" என்றாள். புதுச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள், அறிவு கெட்டவள்.

ரிஜிஸ்டரைப் பார்த்ததும் சிந்துஜா சிரித்தாள். சிரிப்பவள் கோயிலில் கற்பூரம் அடித்துச் சத்தியம் பண்ணுவாளா என்று கேட்டேன். ஆமாம், நான்தான் கேட்டேன். எங்கள் வகையறாவில் வழக்கு முற்றினால் குலதெய்வத்தின் முன்னால் எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்வது. பொய்யாக அடித்தவன் ஒரு வருஷம் தாங்குவதில்லை என்பார்கள். அதற்குப் பயந்து ஒப்புக்கொண்டவர்கள்தான் அதிகம்.

படித்தவள், இதெல்லாம் மூடநம்பிக்கை என்பாள் என்று பார்த்தேன்.

"வர்றனுங்க்கா. திங்கக்கிழமை போலாம். நோட்டையும் எடுத்துட்டு வாங்க" என்றாள்.

ஏப்ரல் 14, ஞாயிறு

வருஷப் பிறப்பு. மாங்காய், வெல்லம், வேப்பம்பூ வைத்துக் கும்பிட்டோம். ஒரே வீட்டில் ஏழு வாய், நாலு வார்த்தை.

சிந்துஜா பாத்திரம் கழுவ வந்து நின்றாள். வேறு யாரும் இல்லை. தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டுப் பேசினாள்.

"அக்கா, இப்பச் சொன்னா ஊட்டோட முடிஞ்சிரும். ராகு காலம்னு சொன்னீங்க, காத்திருந்தோம். அவ்வளவுதானே. நானும் உங்க பேச்சைக் கேட்டுருக்கக் கூடாது. என்ற தப்பு பாதி."

"எனக்கு அப்படி ஒண்ணும் ஞாபகமில்ல."

"ஞாபகம் எதுக்குங்க்கா. எழுதித்தான் வெச்சிருக்கீங்களே."

"படிச்ச திமிரு உனக்கு."

"ஆமாங்க்கா" என்றாள். "கோழி செத்தாத் திமிரு இன்னும் ஏறுது."

குழாயை மூடிவிட்டுப் போனாள். கழுவிய டம்ளர்களைக் கவிழ்க்காமல் போய்விட்டாள்.

இறப்பு 61. சரவணபவ 40-வது வரியில் எழுத்து தப்பிவிட்டது. அடித்துவிட்டு மேலே எழுத மனசில்லை. விட்டுவிட்டேன். கல்யாணமான நாளிலிருந்து இப்படி விட்டதில்லை.

ஏப்ரல் 15, திங்கள்

இறப்பு 57. மீதி 4,892.

ராகு காலம் கழிந்து ஒன்பதேகாலுக்குக் கோயிலில் இருந்தோம். பூசாரி, நாங்கள் நாலு பேர். வேறு ஆள் வேண்டாம் என்று பூபதி சொல்லிவிட்டான். ரிஜிஸ்டர் இவர் கையில். இந்த நோட்டு என் மஞ்சப்பையில். எதற்குக் கொண்டுபோனேன் என்றால், எங்கே போனாலும் கொண்டுபோவது வழக்கம்.

பூசாரி அம்மன் முன்னால் தரையில் கற்பூரத்தை வைத்துக் கொளுத்தினார். சிந்துஜா முட்டி போட்டாள். "மருந்தைப் பத்து பத்துக்குக் கலக்குனேன். கலக்குன மருந்து கெட்டுப்போகும்னு தெரியும். தெரிஞ்சும் போட உட்டேன். நானாக் காக்க வைக்கல. இது சத்தியம்." சட்டென்று அடித்தாள். கை சிவந்துவிட்டது. எழுந்து தள்ளி நின்றாள்.

இவருக்குப் புரியவில்லை. "காக்க வைக்கலன்னா? பத்து இருபதுக்குப் போட்டாச்சே. இங்க இருக்குதே" என்று ரிஜிஸ்டரைத் திறந்தார்.

"அது படியெடுத்ததுங்க மாமா. அக்கா நோட்டு அந்தப் பையில இருக்குது" என்றாள்.

அப்புறம் பூசாரியிடம் திரும்பி, இன்னொரு கற்பூரம் வையுங்கள், அக்காவுக்கு என்றாள்.

வைத்தார். கொளுத்தினார். நான் உட்கார்ந்தேன். மூட்டு வலி. கையைத் தூக்கினேன். பத்து இருபது என்று சொல்லி அடித்துவிட்டால் முடிந்தது. யார் கேட்கப்போகிறார்கள். மாரக்காளுக்கு மணி தெரியாது. தாள் அடுப்பில் போய் இரண்டு மாதமாகிறது. அம்மனைப் பார்த்தேன். எனக்குக் கோபம்தான் வந்தது. உனக்காகத்தானே ராகு காலம் பார்த்தேன், உனக்காகத்தானே தட்டு எடுத்துக்கொண்டு வந்தேன், அன்றைக்கு ஏதாவது ஒரு சகுனம் காட்டியிருக்கக்கூடாதா, ஒரு பல்லி சொல்லியிருக்கக்கூடாதா. அவளுக்கு என்ன, மஞ்சள் பூசிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

கை கீழே போகவில்லை. பொய் சொல்ல வரவில்லை என்பது இல்லை. புதன்கிழமையே சொல்லியாயிற்று, கையெழுத்து நடுங்காமல் எழுதியும் ஆயிற்று. ஆனால் என் பையில் இந்த நோட்டு இருந்தது. பதினெட்டாம் தேதிப் பக்கம் அதில் அப்படியே இருந்தது. கிழிக்க எனக்குத் தோன்றவே இல்லை. முப்பது வருஷத்தில் ஒரு பக்கம் கிழித்ததில்லை. படியில் மட்டும் மாற்றினேன்.

நோட்டை எடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கணக்குப் படிக்கிற குரலிலேயே படித்தேன். மணி 10.25-க்குப் போனது, ராகு காலம், கொட்டலாம் என்று அவள் சொன்னது, உங்கப்பன் வீடு, ஐஸ் பெட்டி, பால்கூடக் கெடாது, எல்லாம். முதல் ஊசி 12.05. கடைசி ஊசி 1.10. நல்லபடியாக முடிந்தது. அந்த வரியையும் விடவில்லை.

படித்து முடிக்கும்போது கற்பூரம் தானாக எரிந்து அடங்கியிருந்தது. அடிக்க வேண்டிய அவசியம் இல்லாமல் போய்விட்டது.

பூபதி வெளியே போய்த் தூணில் சாய்ந்து நின்றான். இவர் ரிஜிஸ்டரையும் நோட்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"ஏன் மாத்தி எழுதுன?"

"மை கலங்கியிருந்துச்சுங்க."

சிந்துஜா நோட்டை அவர் கையிலிருந்து வாங்கிப் பார்த்தாள். "எழுத்து முத்து முத்தா இருக்குதுங்க்கா. எங்கியும் கலங்கல" என்று என்னிடமே திருப்பிக் கொடுத்தாள்.

காரில் வரும்போது இவர் ஒரே ஒரு முறை வாயைத் திறந்தார். ஆயிரம் கோழி என்றார். 948. அதில் மார்ச் 26 வரை வழக்கமான சாவு 138. நோயில் போனது 810. இனியும் போகும். சொல்லவில்லை.

ஏப்ரல் 17, புதன்

இவர் என்னிடம் பேசுவதில்லை. சோறு வைத்தால் சாப்பிடுகிறார்.

சாவியை இவரே சிந்துஜாவிடம் கொடுக்கப் போனார். அவள் உடனே வாங்கவில்லை. மருந்து அறைக் கதவில் தாள் மறுபடியும் ஒட்ட வேண்டும், குப்பியை ஒவ்வொன்றாகத்தான் உருக்குவேன், நேரம் கடந்தால் கொட்டுவேன், யார் கேட்டாலும் கொட்டுவேன் என்றாள். இவர் தலையாட்டினார்.

"இன்னொண்ணு. நேரத்தை நான் எழுத மாட்டேன். அக்காதான் எழுதோணும். பக்கத்துலயே நின்னு."

அதுதான் அவள் எனக்குப் போட்ட தண்டனை. மன்னிப்பு என்று யாராவது நினைத்தால் அவர்கள் அவளைப் பார்த்ததில்லை. நானும் அவளிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. அவளை எனக்கு இன்னும் பிடிக்கவில்லை. நடை, பேச்சு, கழுவிய டம்ளரைக் கவிழ்க்காமல் போவது, ஒன்றும்.

ரிஜிஸ்டரில் 10.20-ஐ ஒற்றைக் கோடால் அடித்து, மேலே 12.05 என்று எழுதி, கையெழுத்துப் போட்டேன். அடித்தது படிக்கத் தெரிகிற மாதிரிதான் அடித்தேன்.

இறப்பு 54.

மே 20, திங்கள்

முருகா துணை.

பழைய பேட்ச் மீதி 3,764. புது பேட்ச் பெட்டைக்குஞ்சு 1,920.

சாமி கும்பிட்டது 6.50.

ராகு காலம் 7.30 – 9.00.

முதல் குப்பி கலக்கியது 7.40. சிந்துஜா என்னைப் பார்த்தாள். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். முதல் குஞ்சை எடுத்துக் கொடுத்தேன்.

முதல் ஊசி 7.43. கடைசி ஊசி 8.22. மீதி மருந்தைக் கொட்டியது 8.25.

எழுதியது: சாந்தாமணி.